வளைந்த முழங்கால்: எலும்பைத் திருத்துவதா, மூட்டை மாற்றுவதா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டிலிருந்து பேருந்துச் சாலைக்கு 63 படிகள் ஏறவேண்டும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் என் அம்மாவுக்கும், கொழுந்து பறிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் முழங்காலின் உட்புறம் வலித்தது. இருவருக்கும் கால்கள் வில்லாக வளைந்திருந்தன. 67 வயது அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவையும், 46 வயது அக்காவுக்கு எலும்பை வெட்டிக் கோணத்தைத் திருத்தும் ஆஸ்டியாடமியும் கோவையில் நடந்தன.

இடுப்புப் பந்துக் கிண்ண மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு போட்டால், அது முழங்காலின் நடுவையோ அதற்குச் சற்று உட்புறத்தையோ கடக்கவேண்டும். கோடு மேலும் உள்ளே விலகினால் உடலின் எடை உட்பாதிக் குருத்தெலும்பின் மேலேயே விழுந்து அதைத் தேய்க்கிறது. தேயத் தேயக் கால் இன்னும் வளைகிறது. சரிவில் தடுப்புச் சுவர் கட்டும் கொத்தனார்கூடத் தூக்குக் குண்டு பிடிக்காமல் கல் வைப்பதில்லை. ஆனால் அம்மாவுக்கு இரண்டாண்டுகளாக எடுத்த எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றிலும் முழங்கால் மட்டுமே இருந்தது. நிற்கவைத்து, இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுக்கும் நீளப் படத்தில்தான் இந்தக் கோட்டைப் பார்க்க முடியும்.

ஆஸ்டியாடமியில் முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய எலும்பை உட்புறமிருந்து வெட்டி, வெளிப்புற ஓரத்தைக் கீல்போல விட்டு, சில மில்லிமீட்டர் விரித்துப் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்கிறார்கள். உட்புற ஓரத்திலிருந்து மூட்டின் அகலத்தில் ஏறத்தாழ 62 சதவீதத்தில் கோடு விழவேண்டும் என்பது பலரும் பின்பற்றும் இலக்கு. குறைவாக விரித்தால் வலி திரும்பும். அதிகமாக விரித்தால் நன்றாயிருக்கும் வெளிப்பாதி தேயத் தொடங்கும். சொந்த மூட்டு நிலைப்பது இதன் பெரிய ஆதாயம். எலும்பு கூடும்வரை கொழுந்து மூட்டை தூக்க முடியாது என்பதும், அந்த மாதங்களில் கூலி இல்லை என்பதும் இதற்குரிய விலை. உட்பாதி மட்டும் தேய்ந்து, மூட்டுநார்கள் உறுதியாக உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

மூட்டு மாற்றில் அம்மா மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார். பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு, 25 ஆண்டுகளுக்குப் பின்னும் 100 மூட்டுகளில் 82 நிலைப்பதாக மதிப்பிட்டது. வயது குறைந்தவர்களுக்கு அந்த உறுதி குறைவு. இங்கும் கோடுதான் சிக்கல். காலை நேராக்கி, நேர்கோட்டிலிருந்து 3 பாகைக்குள் நிறுத்துவது பழைய மரபு. அவரவர் கால் இயல்பாக எப்படி இருந்ததோ அதையொட்டிப் பொருத்துவது மற்றொரு வழி. பெல்ஜியத்தில் 2012இல் வெளியான ஆய்வில் நோயற்ற இளம் ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் 3 பாகையோ அதற்கு மேலோ வளைவு இயல்பாகவே இருந்தது. எனவே எல்லாரையும் பூஜ்யத்துக்கு இழுப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. அறுவையில் பயன்படும் ரோபோக் கருவி, முன்பே தீர்மானித்த கோணத்தை அடைய உதவும். எந்தக் கோணம் என்பதை மருத்துவரே முடிவுசெய்யவேண்டும்.

55 வயதுக்குள் சரிவில் உழைப்பவருக்கு முதலில் ஆஸ்டியாடமியைப் பற்றிக் கேட்பேன். பின்னாளில் மூட்டை மாற்றவும் அது வழிவிடுகிறது. மூட்டு முழுவதும் தேய்ந்த அம்மாவுக்கு அந்த வழி இருக்கவில்லை. ஏழாம் மாதம் அக்கா கூடையோடு தோட்டத்துக்கு இறங்கினார். அம்மா இன்றும் கைப்பிடியைப் பற்றியே படியிறங்குகிறார், ஆனால் நடுவில் உட்காருவதில்லை.