குடும்ப ஸ்லைடுகளுக்கு எந்த ஸ்கேனர்? பிளஸ்டெக் 8200ஐ, எப்சன் வி600

தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் ஸ்கேனர் கேட்டால் பெரும்பாலும் காகிதத்துக்கான பிளாட்பெட்டைத்தான் (கண்ணாடி மேல் வைத்து மூடும் வகை) எடுத்து வைப்பார்கள். ஸ்லைடு என்பது மவுண்ட் என்ற சிறு அட்டை அல்லது பிளாஸ்டிக் விளிம்புக்குள் இருக்கும் பிலிம், ஒளி ஊடுருவினால்தான் படம் தெரியும். மூடிக்குள் விளக்கு இல்லாத பிளாட்பெட் அதற்கு உதவவே உதவாது. முதலில் அதைப் பாருங்கள்.

பரணில் 35 எம்.எம். ஸ்லைடுகள் மட்டுமே பெட்டி பெட்டியாக இருந்தால் எங்கள் தேர்வு பிலிமுக்கென்றே உள்ள பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ. 7200 டிபிஐ (அங்குலத்துக்கு 7200 புள்ளி) என்று விளம்பரம். உண்மையில் கிடைப்பது கிட்டத்தட்ட அதில் பாதி. அதனால் 3600-இல் வைத்தால் போதும். ஒரு படம் 17 மெகாபிக்சல் வரும். 48 பிட் நிறத்தில் டிஃப் (TIFF) படக்கோப்பு 100 எம்.பி.யைத் தாண்டும், ஆயிரம் படத்துக்கு 100 ஜி.பி.க்கு மேல் இடம் வேண்டும். 7200-இல் கோப்பு நான்கு மடங்காகும், விவரம் பெரிதாகக் கூடாது.

எப்சன் வி600 மூடிக்குள் விளக்குள்ள பிளாட்பெட். அதில் 6400 டிபிஐ என்று போட்டிருந்தாலும் உண்மையில் 1600-ஐ ஒட்டித்தான். டிவியில் பார்க்க அது தாராளம். பழைய பிரிண்டுகளும் நிறைய இருந்தால் இதையே வாங்கலாம். ஒகேனக்கல் ஸ்லைடு ஒன்றைப் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்: வெள்ளை நுரையை ஒட்டிய கரும்பாறை நிழல் வி600-இல் புள்ளி புள்ளியாகக் கலங்கும், பிளஸ்டெக்கில் பாறையின் வெடிப்புகூடத் தெரியும்.

இரண்டிலும் ஒரு தடவைக்கு 4 ஸ்லைடுதான். வி600 நான்கையும் தானே எடுத்து முடிக்கும். பிளஸ்டெக்கில் ஒவ்வொரு படத்துக்கும் ஸ்லைடுகளைத் தாங்கும் சட்டத்தைக் கையால் தள்ள வேண்டும். ஆயிரம் ஸ்லைடென்றால் பொறுமை நிறைய வேண்டும்.

8200ஐ-க்குப் பதில் 8100 வாங்கிவிடாதீர்கள். அதில் இன்ஃப்ராரெட் கிடையாது. கிரானைட் தூசி பறக்கும் நம் பக்கத்தில், தூசியையும் கீறலையும் தானே நீக்கும் அந்த வசதி இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்தையும் கையால் திருத்தியே ஓய்ந்துபோவோம். மவுண்டில் கோடாக்ரோம் என்றிருந்தால் மட்டும் இன்ஃப்ராரெட்டை அணைத்துப் பாருங்கள். அந்தப் பிலிமின் சாயம் இன்ஃப்ராரெட் ஒளியைத் தடுப்பதால் படத்தின் விவரத்தையே தூசியென்று அழித்துவிடும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளியாலும் இதே கதைதான்.

இரண்டிலும் ஃபோகஸ் மாற்ற முடியாது. பரண் சூட்டில் வளைந்த ஸ்லைடு நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் வரும். அட்டை மவுண்டைப் பிரித்து, பிலிமைத் தட்டையான பிளாஸ்டிக் மவுண்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

தூசியை ரப்பர் புளோயரால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். பூஞ்சை பிடித்ததில் தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை அரித்த எமல்ஷன் (படம் பதிந்த மேல்பூச்சு) ஈரத்தில் கரைந்து படமே போய்விடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் தண்ணீர் உண்டு, அதுவும் வேண்டாம். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முக்கியமில்லாத ஒரு ஸ்லைடில் முதலில் துடைத்துப் பாருங்கள்.