ஸ்டோரிலைனா, எச்5பி-யா?

கொழும்பில் ஒரே பயிற்சி பெரும்பாலும் மூன்று மொழியிலும் போக வேண்டும். இணையவழிப் பாடம் உருவாக்கும் இந்த இரு கருவிகளில் எது என்ற தெரிவை அங்கிருந்தே தொடங்குங்கள். ஸ்டோரிலைன் 360 பாடத்தின் வாசகங்களை வேர்ட் கோப்பாக வெளியே தரும், மொழிபெயர்த்துத் திரும்ப ஏற்றலாம். எச்5பி-யில் பிரதியெடுத்து ஒவ்வொரு பெட்டியாக நிரப்புவதுதான் வழக்கம். எதிலானாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும்.

ஸ்டோரிலைன் விண்டோசுக்கான மென்பொருள். ஆண்டுச் சந்தா டொலரில். பாடத்தைக் கற்றல் தளத்தில் ஏற்றுவதற்கான தரநிலையான ஸ்கோர்மின் 1.2 பதிப்பாக வெளியிட்டால் முன்னேற்றத்தைச் சேமிக்க 4,096 எழுத்துகளே இடம். அது நிரம்பினால் நீண்ட பாடம் விட்ட இடத்திலிருந்து தொடராது. ஸ்கோர்ம் 2004 நான்காம் பதிப்பில் 64,000 எழுத்துகள்.

எச்5பி மென்பொருள் இலவசம், மூடில் என்ற கற்றல் தளத்தில் 3.8 பதிப்பு முதல் உள்ளேயே வருகிறது. காணொளிக்குள் கேள்வி வைக்க இதுவே தாராளம். மாறிகளும் (கற்பவரின் பதில் போன்றவற்றை நினைவில் வைப்பவை) தூண்டல்களும் (இன்னது செய்தால் இன்னது நடக்கட்டும் என்ற கட்டளைகள்) வேண்டுமென்றால் மட்டும் ஸ்டோரிலைனுக்குச் சந்தா கட்டுங்கள்.