தொலைவிலிருந்து வேலை செய்யும் குழுவுக்கு எது பொருந்தும்? ட்ரெல்லோ, ஜிரா, பேஸ்கேம்ப், ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்யும் குழுவுக்கு எந்தத் திட்ட மேலாண்மை மென்பொருளைக் கொடுத்தாலும் வேலை ஓடிவிடும். மென்பொருளில் எழுதாமல் விட்டதைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். யார் எதில் சிக்கிக்கொண்டிருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆளுக்கோர் ஊரில், அதிலும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்து வேலை செய்யும் குழுவுக்கு அந்த வசதி இல்லை. அங்கே மென்பொருளில் பதிவாகாத தகவல் குழுவிடமே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆகவே இவ்வகை மென்பொருள்களின் வசதிகளை எண்ணி அடுக்கிப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. காலையில் வேலைக்கு உட்காருபவர், வேலை எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, அடுத்து யார் செய்ய வேண்டும் ஆகிய மூன்றையும் எவரையும் எழுப்பிக் கேட்காமல், படித்தே தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதையே அளவுகோலாகக் கொண்டு நான்கு மென்பொருள்களை இங்கே அலசுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். நிரலாளர்களும் சோதனையாளர்களும் கோவையில் தத்தம் வீடுகளில் இருக்கிறார்கள். வடிவமைப்பாளரும் வாடிக்கையாளரும் டொரன்டோவில் இருக்கிறார்கள். கோடைக்காலத்தில் கோவையில் காலை 10 மணி என்றால் டொரன்டோவில் நள்ளிரவு 12.30. அங்கே காலை 9 மணி ஆகும்போது இங்கே மாலை 6.30 ஆகிவிடும். காலையில் எழும் ஒரு சிறு சந்தேகத்துக்குப் பதில் வருவதற்குள் ஒரு முழு வேலைநாள் போய்விடும். இந்தக் குழு இணையவழிக் கடை ஒன்றை உருவாக்குகிறது. கட்டணப் பக்கத்தில் தள்ளுபடி இரண்டு முறை கழிக்கப்படுகிறது என்று ஒரு பிழை வந்திருக்கிறது. வரியைத் தள்ளுபடிக்கு முன்பு கணக்கிடுவதா, பின்பு கணக்கிடுவதா என்று டொரன்டோவில் ஒரு முடிவு எடுக்கப்பட்டு, நிரலும் திருத்தப்பட்டாயிற்று. மறுநாள் காலை கோவைச் சோதனையாளர் திரையைத் திறக்கிறார். அவர் கண்ணில் என்ன படும்?

ட்ரெல்லோ

ட்ரெல்லோவில் அவர் பார்ப்பது 'சோதனைக்கு' என்ற பட்டியலில் வந்து அமர்ந்திருக்கும் ஓர் அட்டையை. ஃபாக் கிரீக் சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-இல் வெளியிட்டு, 2017-இல் அட்லாசியன் 42.5 கோடி டாலருக்கு வாங்கிய இந்த மென்பொருளின் பெருமையே அதன் எளிமைதான். பட்டியல்கள், அவற்றில் அட்டைகள், அட்டையை இழுத்து அடுத்த பட்டியலில் விட்டால் வேலை நகர்ந்தது என்று பொருள். புதிதாகச் சேரும் ஒருவருக்குப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்; கணினிப் பழக்கம் குறைந்த வாடிக்கையாளரும் தயங்காமல் பயன்படுத்துவார்.

தொலைநிலைக் குழுவுக்கு இடறுவதும் அதே எளிமைதான். அட்டையை இழுத்து விட ஒரு நொடி போதும். அப்போது ஒரு வரி எழுத வேண்டும் என்று மென்பொருள் கேட்பதில்லை. யார், எப்போது நகர்த்தினார் என்பது அட்டையின் செயல்பாட்டுப் பதிவில் இருக்கும். வரி பற்றிய முடிவு என்ன ஆயிற்று என்பது, நகர்த்தியவர் நினைவாகக் கருத்துப் பகுதியில் எழுதியிருந்தால்தான் இருக்கும். எழுதவில்லை என்றால் சோதனையாளர் மாலை 6.30 வரை காத்திருக்க வேண்டியதுதான். நீண்ட நாள் தொடப்படாத அட்டையை மங்கலாக்கிக் காட்டும் ஒரு துணைச் செயலி ட்ரெல்லோவில் உண்டு. தேங்கிக் கிடக்கும் வேலையைச் சத்தமில்லாமல் எல்லோர் கண்ணுக்கும் காட்டுவதால் தொலைநிலைக் குழுக்கள் அதை அவசியம் இயக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பணிக்குள் இருக்கும் சரிபார்ப்புப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் தனித்தனி ஆளிடம் ஒப்படைக்க வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்பது ஒரு குறை. கட்டுரை வெளியீடு, சமூக ஊடகப் பதிவுகள், நிகழ்ச்சி ஏற்பாடு போன்ற, ஓர் அட்டை ஒருவர் கையிலேயே தொடங்கி முடியும் வேலைகளுக்கு ட்ரெல்லோவை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கைமாறிக் கைமாறிப் போகும் வேலைக்கு அது போதாது.

ஜிரா

சிட்னியில் தொடங்கிய அட்லாசியன் 2002-இல் வெளியிட்ட ஜிரா இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. இதில் ஒரு பணி ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் பாதையை நிர்வாகி முன்கூட்டியே வகுத்துவைக்கிறார். அந்தப் பாதையின் ஒவ்வொரு வாசலிலும் நிபந்தனை விதிக்கலாம். நம் தள்ளுபடிப் பிழையை 'சீரமைப்பில்' இருந்து 'சோதனைக்கு' நகர்த்த முயலும்போதே ஒரு சிறு சாளரம் திறந்து, எந்தப் பதிப்பில் திருத்தப்பட்டது, எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பினால்தான் நகர்த்துவேன் என்று சொல்லும்படி அமைக்கலாம். நிரலைப் பதிவேற்றும்போது பணி எண்ணைக் குறிப்பிட்டால் அந்த மாற்றங்களும் அதே பணியின் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். எந்தக் கட்டத்தின் மதிப்பு எப்போது, யாரால், எதிலிருந்து எதற்கு மாற்றப்பட்டது என்பது வரலாற்றுப் பகுதியில் ஒன்றுவிடாமல் இருக்கும். மூன்று நாளாக அசையாத, உயர் முன்னுரிமை கொண்ட, என் பெயரில் இருக்கும் பணிகளை மட்டும் எடு என்று கேட்டுப் பெறுவதற்குத் தனித் தேடல் மொழியே இருக்கிறது. அந்தத் தேடலைச் சேமித்து வைத்துக்கொண்டால் காலை நேர நிலவரக் கூட்டத்தின் பாதித் தேவை குறைந்துவிடும்.

மென்பொருள் உருவாக்கும் தொலைநிலைக் குழுவுக்கு, இந்த நான்கில் ஜிராதான் முதலிடம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பணத்தால் மட்டும் கட்டிவிட முடியாது. பாதைகளையும் நிபந்தனைகளையும் அமைக்கத் தெரிந்த, அதைவிட முக்கியமாக எப்போது அமைக்காமல் விட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடங்களில் கட்டாயக் கட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகும். பன்னிரண்டு கட்டங்களை நிரப்பச் சொன்னால் அலுத்துப்போன நிரலாளர் எல்லாவற்றிலும் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை 'எப்படிச் சோதிக்க வேண்டும்' என்ற இடத்தில் அந்தப் புள்ளிதான் சோதனையாளரை வரவேற்கும். கட்டாயக் கட்டங்கள் இரண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. மேலும், நீண்ட விவாதங்களுக்கு ஜிராவின் கருத்துப் பகுதி ஏற்ற இடமல்ல. நாற்பது கருத்துகளுக்கு நடுவே 'சரி, வரியைப் பின்பு கணக்கிடுவோம்' என்ற ஒற்றை வரியைத் தேடுவது எளிதன்று. எடுத்த முடிவைப் பணியின் விளக்கப் பகுதியின் தலைப்பிலேயே ஏற்றிவைக்கும் பழக்கம் குழுவுக்கு வர வேண்டும்.

பேஸ்கேம்ப்

இந்த 'ஏன்' என்ற கேள்வியை மற்ற மூன்றையும்விட நன்றாகக் கையாளுவது பேஸ்கேம்ப். சிகாகோவைச் சேர்ந்த 37சிக்னல்ஸ் நிறுவனம் 2004-இல் இதை வெளியிட்டது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற புகழ்பெற்ற நிரலாக்கச் சட்டகம் இதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் ஊழியர்களே நெடுங்காலமாகப் பல ஊர்களில் சிதறி இருந்து வேலை செய்பவர்கள் என்பது மென்பொருளின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

பேஸ்கேம்பில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு செய்திப் பலகை இருக்கிறது. அரட்டையைப் போல ஓடி மறையாமல், தலைப்பிட்டு, பத்தி பத்தியாக எழுதி, அதன் கீழே மற்றவர்கள் நிதானமாகப் பதில் எழுதும் இடம் அது. வரியை எப்போது கணக்கிடுவது என்ற விவாதம் அங்கே ஒரு தலைப்பின் கீழ் முழுமையாக இருக்கும். ஆறு மாதம் கழித்துக் குழுவில் சேருபவரும் அதைப் படித்துக் காரணத்தைப் புரிந்துகொள்வார். 'இன்று என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று குறித்த நேரத்தில் மென்பொருளே ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதில்களை ஒரே பக்கத்தில் தொகுத்துத் தரும் வசதி, தினசரிக் கூட்டத்துக்கு நான் கண்ட மிகச் சிறந்த மாற்று. கோவையிலிருந்து மாலையில் எழுதிய பதில்களை டொரன்டோவில் இருப்பவர் தம் காலையில் படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். இரு தரப்பும் ஒரே நேரத்தில் திரை முன் உட்கார வேண்டியதில்லை. வேலை நேரம் முடிந்தபின் அறிவிப்புகளை நிறுத்திவைக்கும் வசதியும் நேர வேறுபாட்டில் வாழ்பவர்களின் தூக்கத்தைக் காக்கும்.

2018-இல் சேர்க்கப்பட்ட மலை வரைபடமும் குறிப்பிடத்தக்கது. எழுபது விழுக்காடு முடிந்தது என்று சொல்வதற்குப் பதிலாக, வேலை இன்னும் வழி தேடும் ஏற்றத்தில் இருக்கிறதா, வழி தெரிந்து முடித்துக்கொண்டுவரும் இறக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு புள்ளியை நகர்த்திக் காட்டுவது அது. ஒரு புள்ளி ஏற்றத்திலேயே நாள்கணக்கில் நின்றால், அந்த ஆளுக்கு உதவி தேவைப்படுகிறது என்று ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரும் அறிந்துகொள்ளலாம்.

இத்தனையும் இருந்தும், தள்ளுபடிப் பிழை போன்ற நூறு பிழைகளைப் பின்தொடர பேஸ்கேம்ப் உதவாது. இந்தப் பணி முடிந்தால்தான் அந்தப் பணி தொடங்கும் என்ற சார்புறவைக் குறிக்கவும், நிலைமாற்றத்துக்கு நிபந்தனை விதிக்கவும், பணிகளைப் பல கோணங்களில் வடிகட்டி எடுக்கவும் அதில் வழியில்லை. அதன் உருவாக்குநர்கள் வேண்டுமென்றே அவற்றை விலக்கிவைத்திருக்கிறார்கள். விளம்பர, வடிவமைப்பு, ஆலோசனை நிறுவனங்களுக்கு அந்தக் குறை உறைக்காது. வாடிக்கையாளரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு, அவர் பார்க்கக் கூடியது எது, கூடாதது எது என்று பிரித்துவைக்க முடிவதால் அவர்களுக்கு இதுவே பொருத்தம்.

ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ்

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்து, தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் ஜோஹோ, 2006-இல் ஜோஹோ ப்ராஜெக்ட்ஸை வெளியிட்டது. கிராமத்திலிருந்தும் உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்யலாம் என்று காட்டிய நிறுவனம் என்பதால் எனக்கு இதன்மீது மதிப்பு உண்டு. ஆனால் தேர்வுக்கு அது காரணமாகிவிடக் கூடாது.

இதன் பலம் காலக்கணக்கில் இருக்கிறது. பணிகளைக் கால வரிசையில் பட்டைகளாகக் காட்டும் கேன்ட் வரைபடத்தில், ஒன்று முடிந்தபின் மற்றொன்று தொடங்குவது, இரண்டும் ஒன்றாகத் தொடங்குவது என்பன போன்ற, பணிகளுக்கிடையிலான நான்கு வகைச் சார்புறவுகளையும் குறிக்க முடியும். வடிவமைப்பு இரண்டு நாள் தாமதமானால் அதன் பின்னே வரும் வேலைகள் எவ்வளவு தள்ளிப்போகும் என்பது கண்முன் தெரியும். ஒவ்வொரு பணியிலும் செலவான மணிநேரத்தைப் பதிந்து, வாடிக்கையாளரிடம் வசூலிக்கத் தக்கது, தகாதது என்று பிரித்து, ஜோஹோ புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் வழியாகப் பில் போடுவது வரை ஒரே ஓட்டத்தில் நடக்கும். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சிறு, நடுத்தரச் சேவை நிறுவனங்களுக்கு இது பெரிய வரம். இந்தியக் கணக்குகளின் தரவு இந்தியாவிலுள்ள தரவு மையங்களிலேயே வைக்கப்படுவதும், ரூபாயில் சந்தா கட்ட முடிவதும் நம் ஊர் நிறுவனங்களின் கணக்காளர்களுக்கு நிம்மதி தரும்.

குறை என்னவென்றால், பேச்சு சிதறுகிறது. பணியின் கீழ் கருத்துகள், ஃபீடு என்ற செய்தியோடை, விவாத மன்றம், ஜோஹோவின் கிளிக் என்ற அரட்டைச் செயலி என்று எழுத இடங்கள் பல இருக்கின்றன. வரி பற்றிய அந்த முடிவு இவற்றில் எங்கே எழுதப்பட்டது என்று சோதனையாளர் தேடித் திரிய நேரும். இதைத் தேர்ந்தெடுக்கும் குழு, முதல் நாளே ஓர் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிட வேண்டும்.

மற்றவை சில

ஆசனா என்ற மற்றொரு திட்ட மேலாண்மை மென்பொருளைப் பற்றி ஒரு சொல். ஒரு பணிக்கு ஒரே பொறுப்பாளர் என்ற அதன் கண்டிப்பு தொலைநிலைக் குழுவுக்கு மிக நல்லது. இருவர் பெயரில் இருக்கும் பணியை இருவருமே மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவது எங்கும் நடப்பதுதான். ரெட்மைன், அதன் வழித்தோன்றலான ஓபன்ப்ராஜெக்ட் ஆகிய கட்டற்ற மென்பொருள்களைச் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். காப்புநகலும் பாதுகாப்பு மேம்படுத்தல்களும் யார் பொறுப்பு என்று பெயர் சொல்ல முடிந்த நிறுவனம் மட்டும் அந்த வழிக்குப் போகலாம்.

விலையும் வெளியேறும் வழியும்

ஜிராவின் இலவசத் திட்டம் 10 பேர் வரைதான்; பதினோராமவர் வந்ததும் பதினொரு பேருக்கும் சேர்த்துக் கட்டணம் தொடங்கும். அதோடு, இலவசத் திட்டத்தில் யார் எதைச் செய்யலாம் என்ற அனுமதிகளை மாற்றவும் முடியாது. ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்துக்கும் அதே 10 பேர் வரம்பு உண்டு. பேஸ்கேம்ப் ஆளுக்கு மாதம் 15 டாலர் என்றும், ஆண்டுச் சந்தாவாகக் கட்டினால் எத்தனை பேருக்கும் மாதம் 299 டாலர் என்றும் விலை வைத்திருக்கிறது. எனவே குழு 20 பேரை எட்டும் இடத்தில் இரண்டாவது திட்டம் லாபமாகிறது. அதுவரை சிறு குழுவுக்கு நான்கிலும் இதுவே கனமான செலவு. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு மாதம் 150 டாலர் ஆகிவிடும்.

வாங்கும்போது பெரும்பாலோர் கேட்க மறப்பது, வெளியேறும்போது தரவு எப்படிக் கையில் வரும் என்பதை. 2022 ஏப்ரல் 5 அன்று, பயன்பாட்டில் இல்லாத ஒரு செயலியை நீக்குவதற்காக அட்லாசியன் இயக்கிய நிரலுக்குச் செயலி எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் எண்கள் தவறாகக் கொடுக்கப்பட்டன. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன, சிலருக்கு மீண்டும் கிடைக்க இரண்டு வாரம் வரை ஆனது. வேலையின் முழு நினைவும் மென்பொருளில் மட்டுமே இருக்கும் தொலைநிலைக் குழுவுக்கு அந்த இரண்டு வாரம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தக் கோணத்தில் பேஸ்கேம்ப் முன்னணியில் இருக்கிறது: கணக்கு முழுவதையும் சாதாரண இணையப் பக்கங்களாகவே தரவிறக்கிக்கொள்ளலாம், வேறு மென்பொருள் எதுவும் இல்லாமல் பிரவுசரில் திறந்து படிக்கலாம். ட்ரெல்லோ தரும் ஜேசன் கோப்பு இலவசம்தான் என்றாலும் நிரலாளர் உதவியின்றி அதைப் படிப்பது கடினம். விரிதாளில் திறக்கும் சிஎஸ்வி கோப்புக்குக் கட்டணத் திட்டம் வேண்டும். ஜிராவில் தேடல் முடிவுகளைச் சிஎஸ்வி கோப்பாக எடுக்கலாம். நம் கோவை–டொரன்டோ குழுவுக்கு ஜிராதான் என் தேர்வு. கட்டாயக் கட்டங்கள் இரண்டோடு அதை அமைத்து, வாரத்துக்கு ஒரு முறை அந்தச் சிஎஸ்வி கோப்பை எடுத்துத் தனியாகச் சேமித்துவைக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் ஒரு பணியாகவே போட்டுவிட வேண்டும்.