பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா? பேரம் பேசும் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆப், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆப்பின் பெயரைப் போடப்போவதில்லை, கேட்பவர்களுக்கு எது என்று தெரியும். வியாபாரப் பேச்சுவார்த்தைக்கான ஆங்கிலம் என்று விளம்பரம் வருமே, அதில் ஒன்று. இந்த மாதம் வருடச் சந்தாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், அதிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எக்ஸ்போர்ட் செக்ஷனில் வேலை செய்யும் பசங்க வரிசையாகக் கேட்கிறார்கள். "இன்னாண்ணா, நீங்க ரொம்ப நாளா வச்சினுகீறீங்களே, போடலாமா வேணாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். பாடம் எத்தனை, வார்த்தை அட்டை எப்படி வரும், உச்சரிப்பை எப்படிச் சோதிக்கும் என்பதெல்லாம் இலவசப் பகுதியிலேயே பார்த்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

நான் வேலை பார்ப்பது ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில். ஃபினிஷ்ட் லெதர் ஏற்றுமதி. சதுர அடிக்கு இத்தனை டாலர் என்று பேசி முடிப்பதிலிருந்து எல்.சி. (வாங்குபவரின் பேங்க் பணத்துக்குத் தரும் உத்தரவாதக் கடிதம்) வந்து பேங்கில் பேப்பர் போடும் வரை என் தலையில்தான். அந்தக் கண்ணோட்டத்தில் மட்டும் சொல்கிறேன்.

என் கோபம் ஒன்றே ஒன்றுதான். இந்த ஆப்பில் வரும் பையர், அதாவது சரக்கு வாங்குபவர், எப்போதும் ஒத்துக்கொள்கிறார்.

"உங்கள் விலை நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம்" என்று அழகான ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார். கீழே மூன்று பதில் இருக்கும். மரியாதையாக இருப்பதைத் தொட்டால் "தட் சவுண்ட்ஸ் ரீசனபிள்" என்று சொல்லி டீலை முடித்துவிடுவார், திரையில் கலர் காகிதம் பறக்கும். தப்பான பதிலைத் தொட்டாலும் ஒரு தடவை முகம் சுளிப்பார், அப்புறம் வேறு மாதிரி சொல்லிப்பாருங்கள் என்று அவரே வழிவிடுவார். சரி, அது எழுதிவைத்த உரையாடல், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஏஐ பையர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்களே, அதிலும் அதே கதை. சோதிப்பதற்காகவே சதுர அடிக்கு நாற்பது சென்ட் கூட்டினேன், காரணம் ஒன்றும் சொல்லவில்லை, குரலை மட்டும் பணிவாக வைத்துக்கொண்டேன். "ஐ அப்ரிஷியேட் யுவர் டிரான்ஸ்பரன்சி, லெட்ஸ் மூவ் ஃபார்வர்ட்" என்கிறார். தோல் வாங்கும் எந்த மனுஷனாவது நாற்பது சென்ட்டுக்கு இப்படிச் சொல்வானா?

நிஜத்தில் நடப்பது வேறு. வீடியோ காலில் ஒரு இத்தாலிக்காரர். சதுர அடி 2 டாலர் 10 சென்ட் என்று நாங்கள் சொன்னோம். அவர் பேசவில்லை. பேசவேயில்லை. எங்கள் முதலாளி என்னைப் பார்த்து "இன்னாப்பா, லைன் கட்டாயிடுச்சா?" என்றார் மெல்லமாக. லைன் இருந்தது, அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம்கூடக் கேட்டது. இந்த இடத்தில்தான் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் தாங்களாகவே வாயைத் திறந்து அஞ்சு சென்ட் குறைத்துவிடுகிறார்கள், எதிராளி கேட்கக்கூட இல்லை. அங்கே "டேக் யுவர் டைம்" என்று இரண்டு நொடியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியவேண்டும், அதைப் பழக்கித் தரும் பாடம் ஒன்றுகூட இந்த ஆப்பில் கிடையாது. ஏஐ பையரிடம் நாம் சும்மா இருந்தால், நம் இணையத் தொடர்பைச் சரிபார்க்கச் சொல்கிறது.

நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால் வார்த்தைகள் இருக்கின்றன. இதற்கு மேல் இறங்கமுடியாது என்பதற்கு "தட்ஸ் ஆஸ் ஃபார் ஆஸ் வீ கேன் கோ", இந்த டீல் எங்களுக்கு வேண்டாம் என்பதற்கு "வீ வில் ஹேவ் டு பாஸ் ஆன் திஸ் ஒன்", விலையை ஓரமாக வைத்துவிட்டு டெலிவரியைப் பேசலாம் என்பதற்கு "லெட்ஸ் பார்க் த பிரைஸ் ஃபார் நவ்", எல்லாம் அட்டையில் வரும், உச்சரிப்பும் தெளிவு. ஆனால் யாருமே நம்மை நெருக்காதபோது அந்த வார்த்தைகளை எங்கே எடுப்பது? அட்டையில் பார்த்து மனப்பாடம் செய்ததோடு நிற்கிறது. நெருக்கும்போது நாக்கில் வரவேண்டிய வார்த்தை அது.

பொய்கை மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், வாயில் ஒரு சொல் வராது. ஒருத்தர் கையை உதறிவிட்டு நாலு தப்படி நடப்பார், தரகர் பின்னாலேயே போய்த் தோளில் கை போட்டு இழுத்து வருவார், திரும்பவும் துண்டு விழும். உதறுவதும் நடப்பதும் திரும்புவதும் சேர்ந்ததுதான் பேரம். தோல் வியாபாரத்திலும் இதேதான், துண்டுக்குப் பதில் வாட்ஸாப். அந்தத் தரகர் இடத்தில் எங்களுக்கு ஏஜென்ட் இருக்கிறார், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு டீல் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன், அதனால் பையர் சொல்லாததையும் சொன்னதாகச் சொல்வார். அவரிடம் எப்படிப் பேசுவது? ஆப்பில் மேசையின் இரண்டு பக்கமும் ஒவ்வொருத்தர்தான். மூன்றாவது நாற்காலியே கிடையாது.

இதை அவர்களுக்கு எழுதியும் போட்டேன், ஒரு தடவைக்கு மேல். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, அடுத்த அப்டேட்டில் பின்னணிப் படங்கள் மாறியிருந்தன.

இனி நல்லதைச் சொல்லாவிட்டால் பாவம். கண்டிஷன் போட்டுப் பேசுவதைச் சொல்லித்தரும் பகுதி பிரமாதம். நம் தேவையை முதலில் வை, விட்டுக்கொடுப்பதை இரண்டாவதாக வை என்று திரும்பத் திரும்பப் போட்டு வாங்குகிறார்கள். "நீங்கள் முப்பது சதவீதம் முன்பணம் அனுப்பினால், நாங்கள் ஒரு வாரம் முன்னால் ஏற்றப் பார்க்கலாம்." இதையே மாற்றி, ஒரு வாரம் முன்னால் ஏற்றுகிறோம், நீங்கள் முன்பணம் அனுப்பமுடியுமா என்று கேட்டால் முதல் பாதியைப் பையர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுவார். "வீ வில்" என்று ஒப்புக்கொள்வதற்கும் "வீ குட்" என்று கதவைத் திறந்துவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் பத்துப் பதினைந்து சூழ்நிலை கொடுத்துப் பழக்குகிறார்கள். இப்போது யோசிக்காமலே இந்த வரிசை வருகிறது, இதற்கு நன்றி அந்த ஆப்புக்குத்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் பேச்சு முடிந்ததும் அனுப்பும் மெயில். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, பாடத்திட்டத்தின் கடைசியில் யாரும் போகாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒத்துக்கொண்டது எது, இன்னும் பாக்கி எது, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்யவேண்டும், மூன்று பத்தி, அவ்வளவுதான். "டு கன்ஃபர்ம் அவர் அண்டர்ஸ்டாண்டிங்" என்று ஆரம்பித்து, "இதில் ஏதாவது மாறினால் வெள்ளிக்கிழமைக்குள் தெரியப்படுத்துங்கள்" என்று முடிக்கவேண்டும். கால் முடிந்து டீ வருவதற்குள் அனுப்பிவிடுகிறேன். ஒரு சீசனில் சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு தடிமன் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் என்றுதானே பேசினோம் என்று ஒரு பையர் கிளப்பினார். மெயிலில் 1.0 முதல் 1.2 என்று இருந்தது, கீழே அவருடைய "ஓகே" இருந்தது. அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த ஒரு கன்சைன்மென்ட்டுக்கே ஆப்பின் சந்தா பல தடவை திரும்ப வந்துவிட்டது.

இந்தப் பகுதியில் அவர்கள் சொல்லாத ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். பையர் "ஓகே, கலரைத் தவிர" என்று பதில் போட்டால் அது ஓகே ஆகாது. 1872ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7வது பிரிவு, சம்மதம் என்றால் முழுசாக, நிபந்தனை இல்லாமல் இருக்கவேண்டும் என்கிறது. "தவிர" போட்டுவிட்டால் அது அவர் பக்கத்திலிருந்து வரும் புது ஆஃபர், நாம் அதற்குப் பதில் சொல்லும் வரை ஒன்றும் முடிவாகவில்லை. மெயில் எழுதும் ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதாது, திரும்பி வரும் மெயிலைப் படிக்கவும் தெரியவேண்டும்.

அங்கிருந்து எல்.சி.க்கு வந்தால் மறுபடி எரிச்சல். பணிவாக அவசரப்படுத்துவது எப்படி என்று ஒரு பாடம், அதில் "ஆஸ் சூன் ஆஸ் பாஸிபிள்", "ப்ராம்ப்ட்" போட்டால் மார்க் தருகிறார்கள். மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. எல்.சி.யில் வந்தால் பேங்க் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, எல்.சி.க்கான உலக விதித்தொகுப்பான யூ.சி.பி. 600ன் 3வது பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. 2007 ஜூலை 1லிருந்து உலகம் முழுக்கப் பெரும்பாலான எல்.சி. அந்த விதிப்படிதான் ஓடுகிறது. தேதிக்கு முன்னால் "ஆன் ஆர் அபவுட்" என்றிருந்தால் ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும் செல்லும்.

"அபவுட்" நம் தொழிலுக்கு உயிர். தோலை மீட்டர் துணி மாதிரி சரியாக வெட்டி அனுப்பமுடியாது, மெஷினில் அளந்தால் கூடும் குறையும். எல்.சி.யில் அளவுக்கு முன்னால் "அபவுட்" இருந்தால் 30வது பிரிவுப்படி பத்து சதவீதம் கூடவோ குறையவோ போகலாம், அதாவது 20,000 சதுர அடிக்கு 18,000 முதல் 22,000 வரை. அந்த வார்த்தை இல்லாவிட்டாலும், பெட்டிக் கணக்கிலோ எண்ணிக்கைக் கணக்கிலோ சொல்லாமல் அளவாகச் சொல்லியிருந்தால் ஐந்து சதவீதம் உண்டு, ஆனால் வாங்கும் பணம் எல்.சி. தொகையைத் தாண்டக்கூடாது. இன்னொன்று, எந்த எண்ணுக்கு முன்னால் நிற்கிறதோ அதற்கு மட்டும்தான் பத்து சதவீதம். அளவுக்குப் போட்டுவிட்டுத் தொகைக்குப் போடாமல் விட்டால் 22,000 அடி ஏற்றலாம், பணம் 20,000 அடிக்குத்தான் வரும். பேரம் பேசும்போதே "அளவு, தொகை இரண்டுக்கும் அபவுட் போட்டு எல்.சி. திறங்கள்" என்று கேட்டு வாங்கவேண்டிய விஷயம் இது. ஆப்பில் "அபவுட்" என்றால் ஏறக்குறைய, தெளிவில்லாத சொல், தவிர்க்கவும் என்று சிவப்புக் கோடு போடுகிறார்கள்.

பொது ஆங்கிலம் சொல்லித்தருபவர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். முகப்பிலேயே ஏற்றுமதித் துறையினருக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன். இன்கோடெர்ம்ஸ் (சரக்கின் செலவும் பொறுப்பும் எதுவரை யாருடையது என்று சொல்லும் உலக வணிகச் சொற்கள்) பாடத்தில் இன்னும் டி.ஏ.டி. (டெர்மினலில் இறக்கி ஒப்படைப்பது) இருக்கிறது, 2020 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டு டி.பி.யூ. (சொன்ன இடத்தில் இறக்கி ஒப்படைப்பது) கொண்டுவந்துவிட்டார்கள். குரல்கள் எல்லாம் லண்டன் ஆங்கிலம், எங்களிடம் பேசுகிறவர்களோ இத்தாலி, ஸ்பெயின், கொரியா. இதெல்லாம் பொறுத்துப் போகக்கூடிய குறைகள்.

பொறுக்கமுடியாதது அந்தப் பையர்தான். போன வாரம் "கடினமான பேச்சுவார்த்தை" என்று புதுப் பகுதி வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ட்ரெயினுக்கு நின்றுகொண்டிருந்தேன், உடனே திறந்தேன், அவ்வளவு ஆசையாகத் திறந்தேன். பையர் கோபமாக ஆரம்பித்தார், போட்டியாளர் விலையைச் சொன்னார், நல்லாயிருக்கே என்று நினைத்தேன். நாலாவது வரியில் "யூ மேக் எ ஃபேர் பாயின்ட்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ட்ரெயின்கூட இன்னும் வரவில்லை.

ஆகவே என் முடிவு, வேண்டாம். இத்தனை நல்லதையும் நானேதான் சொன்னேன், இருந்தாலும் வருடச் சந்தா பாதி விலைக்குக்கூட வேண்டாம். அடுத்த மாதம் என்னுடையது முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை. பிப்ரவரி வாக்கில் நந்தம்பாக்கத்தில் தோல் கண்காட்சி வரும், அதற்கு முன்னால் ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்ளவேண்டும் என்று கேட்கிற பசங்க ஒரே ஒரு மாதத்துக்குப் போடுங்கள். நேராகக் கண்டிஷன் பகுதிக்குப் போங்கள், அப்புறம் கடைசியில் இருக்கும் மெயில் பகுதி, இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பேசிப் பழகுவதற்கு ஆப்பை நம்பாதீர்கள். எங்கள் ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கும் அக்காவை நான் பையராக உட்காரவைக்கிறேன், அவர் ஆங்கிலம் சுமார்தான், ஆனால் ஒரு சென்ட் இறங்கமாட்டார், நான் பேசி முடித்த பிறகும் பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார், அவரிடம் மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு கால் மணி நேரம் கேளுங்கள்.