மூன்று சென்னைக் கோடையைப் பார்த்துவிட்ட 4090: கூலரைப் பற்றி மட்டும்

2023 பிப்ரவரியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். வேகத்தைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதைத் தொடப் போவதில்லை. இரண்டரை வருடமாக, மூன்று கோடை தாண்டி, தினமும் ஏழெட்டு மணி நேரம் ரெண்டர் (3டி வடிவத்தைக் கம்ப்யூட்டர் படமாக்கும் வேலை) ஓடிய பிறகு அதன் கூலர் எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டு எலிவேஷன், இன்டீரியர் 3டி படங்கள் செய்து கொடுப்பது என் தொழில். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள்தான் பிழைப்பு. பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைதான் ஆபீஸ். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் தளம் ராத்திரி பத்து மணி வரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கார்டு எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லவில்லை. இந்தச் சிப்பை வைத்து வந்த மூன்று ஃபேன் கார்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்புதான். செங்கல் மாதிரி நீளம், மூன்றரை ஸ்லாட் (மதர்போர்டில் கார்டு செருகும் இடம்) தடிமன், இரண்டு கிலோவுக்கு மேல் எடை. பெட்டியோடு வந்த முட்டுக்கம்பியை முதல் நாளே வைத்துவிட்டேன். அது இல்லாமல் விட்டிருந்தால் கார்டின் சர்க்யூட் பலகை வளைந்து ஸ்லாட்டை இழுத்திருக்கும்.

இத்தனை பெரிய கூலர் ஏன் என்று கேட்டால் காரணம் எளிது. அதிகாரபூர்வ அளவு 450 வாட். பல மாடல்களில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பை, 600 வாட் வரை ஏற்றவும் இடம் விட்டிருக்கிறார்கள். அத்தனையும் 608 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள மெமரி, பவர் பாகங்களிலிருந்தும் வெப்பமாக வெளியே வர வேண்டும். சிப்பின் மேல் உட்கார்ந்திருப்பது வேப்பர் சேம்பர். காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு மூடிய தட்டையான செம்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு ரொம்ப முன்னாலேயே கொதிக்கும். சிப் தொடும் இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த ஓரத்தில் தண்ணீராகி, உள்சுவரில் படிந்திருக்கும் செம்புத்தூள் வழியாக, விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல், மறுபடி சிப்புக்கே வந்து சேரும். அதன் மேலே பற்றவைத்த ஹீட்பைப்புகளும் இதே வேலையைத்தான் நீளவாக்கில் செய்கின்றன. எந்த மோட்டாரும் இல்லாத இந்தச் சுழற்சி அந்தக் கொஞ்சம் தண்ணீரை நம்பி நடக்கிறது. 2022 டிசம்பரில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி தன் பெயரிலேயே விற்ற 7900 எக்ஸ்டிஎக்ஸ் மாடலில் சில கார்டுகளின் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) 110 டிகிரியைத் தொட்டது. வேப்பர் சேம்பருக்குள் போதிய தண்ணீர் இல்லை என்று அடுத்த மாதமே அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. லட்சத்துக்கு மேல் விலை போன பொருள், சில சொட்டுத் தண்ணீர்க் குறைவால் கோட்டை விட்டது.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. முந்தைய தலைமுறை 3090-ல் 24 ஜிபி மெமரியில் பாதிச் சிப்புகள் பலகையின் முதுகுப் பக்கம் இருந்தன. கூலர் ஒரு பக்கம், சூடு இரண்டு பக்கம். 4090-ல் பன்னிரண்டும் முன்பக்கமே வந்துவிட்டன. மெமரிச் சூடு எனக்கு ஒருநாளும் தலைவலியாக இருந்ததில்லை.

சரி, வெயிலுக்கு வருவோம். நாம் பார்க்கும் விமர்சனங்களில் அறையின் வெப்பம் பெரும்பாலும் 20, 22 டிகிரி. 'முழு லோடில் 66 டிகிரி' என்று எழுதியிருந்தால் அதன் அர்த்தம், அறையைவிடச் சுமார் 45 டிகிரி கூடுதல் என்பதுதான். கூலர் எத்தனை பெரிதானாலும் அறைக் காற்றுக்குக் கீழே குளிர்விக்காது. வாங்கிய மாதம் ராத்திரியில் அறை 27 இருந்தபோது ஜிபியு, அதாவது கார்டின் மூளையான சிப், 66, ஹாட்ஸ்பாட் 77 காட்டியது. மே மாதம் அறை 35-க்குப் போனதும் அதே காட்சி, அதே ரெண்டர், 75-ம் 87-ம். கார்டு கெட்டுப்போகவில்லை. அறை ஏறியது, அதுவும் கூடவே ஏறியது. ஆகையால் நம்மூரில் கார்டு வாங்குகிறவர்கள் விமர்சனத்தில் உள்ள எண்ணோடு ஒரு பன்னிரண்டைக் கூட்டிப் படித்துக்கொள்வது நல்லது.

யாரும் எச்சரிக்காத தொல்லை ஒன்று இதனால் வந்தது. லோடு இல்லாதபோது ஃபேன் முழுதாக நின்றுவிடும் வசதி பெரும்பாலான கார்டுகளில் உண்டு. குளிர்ந்த ஊருக்கு அருமையான ஏற்பாடு. என் அறையிலோ கார்டு சும்மா இருக்கும்போதே ஃபேன் கிளம்பும் எல்லைக்கருகே நிற்கிறது. ஃபேன் கிளம்பும், ஒரு நிமிடத்தில் இரண்டு டிகிரி இறங்கும், நிற்கும். அப்புறம் மறுபடி கிளம்பும். ராத்திரி இரண்டு மணிக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டு விட்டு நிறுத்துவதுபோல் இருக்கும். கார்டின் ஃபேனையும் பவரையும் மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் குறைந்தபட்சம் 30 சதவீதம் என்று வைத்து எப்போதும் ஓடவிட்டேன். அந்த வேகத்தில் சத்தமே கேட்காது. கிளம்பி நிற்கும் தொல்லைதான் போயிற்று.

இப்போது நிஜக் கதை. 2024 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் காபினெட்டைத் துடைக்கும்போது கார்டின் அடியில், அப்பளம் வைத்த காகிதத்தில் ஊறியதுபோல், எண்ணெய்ப் பிசுக்கு. மெமரிக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்த வைக்கும் மெத்தென்ற தெர்மல் பேடிலிருந்து கசியும் சிலிக்கோன் எண்ணெய் அது. ஆபத்தில்லை, ஆனால் சூட்டில் பேட் வடிகிறது என்பதற்கு அடையாளம். சந்தேகம் வந்து சென்சார்களைப் பார்த்தேன். அறை 32, ஜிபியு 73. பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஹாட்ஸ்பாட்? 100.

வாங்கியபோது இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே 11 டிகிரி இருந்த இடைவெளி 27 ஆகியிருந்தது. நான் ஒன்றரை வருடம் ஜிபியு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவெளி விரிந்ததைக் கவனிக்கவே இல்லை. ஃபேன் சத்தம் கூடியிருந்ததைத் தூசி என்று நினைத்தேன். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், "105 தாண்டினாத்தான் சார் எடுப்போம், இது லிமிட்டுக்குள்ள இருக்கு" என்றார்கள். சட்டப்படி சரி. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு டெக்னீசியன் இருக்கிறார். லேப்டாப் மதர்போர்டு பார்ப்பவர். வாரண்டி ஸ்டிக்கரைக் காட்டி, "கிழிச்சா அவ்வளவுதான், யோசிச்சுக்கோங்கண்ணே" என்றார். யோசித்தேன். கிழிக்கச் சொன்னேன். கூலரைத் தூக்கியதும் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சிப்பின் நடுவில் கண்ணாடிபோல் சிலிக்கான் தெரிந்தது. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் நான்கு ஓரத்திலும் சாம்பல் நிற வரப்பாக ஒதுங்கிக் கிடந்தது. சிப்பும் செம்பும் சூட்டில் விரிந்து குளிர்ந்து சுருங்கும்போது அளவு ஒத்துப்போகாது. ஒவ்வொரு முறையும் இடையில் இருக்கும் பேஸ்ட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளும். என் வேலையில் பத்து நிமிடம் ரெண்டர், ஐந்து நிமிடம் திருத்தம், மறுபடி ரெண்டர். நாள் பூராவும் விரிந்து சுருங்கல். தொடர்ந்து ஓடும் கார்டைவிட இப்படி விட்டு விட்டு ஓடும் கார்டில்தான் பேஸ்ட் சீக்கிரம் ஒதுங்கும் என்று அவர் சொன்னார். லேப்டாப்பில் தினமும் பார்ப்பதாம்.

புதுப் பேஸ்ட் போட்டால் இன்னும் ஒன்றரை வருடத்தில் இதே நிலைதான். அதனால் பேஸ்ட்டுக்குப் பதிலாக வைக்கும் ஹனிவெல்லின் பிடிஎம் 7950 தாள் வாங்கி வைத்திருந்தேன். அறை வெப்பத்தில் மெழுகுத் தாள் மாதிரி இருக்கும். 45 டிகிரி அளவில் இளகிப் பரவி, ஆறினால் மறுபடி இறுகும். பேஸ்ட் மாதிரி ஓரம் நோக்கி ஓடாது. அதை ஒட்டுவதுதான் வித்தை. மேலிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தால் தாளும் கூடவே கிழிந்து வரும். முதல் தாளை அப்படித்தான் பாழாக்கினோம். இரண்டாவதைப் பக்கத்து ஜூஸ் கடையின் ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தோம். ஒரே இழுப்பில் படலம் வந்துவிட்டது. ஜூஸ் கடைக்காரர், என்ன பொருள் என்று கடைசி வரை கேட்கவே இல்லை. மெமரிக்குப் பேட் போடாமல் தெர்மல் புட்டி வைத்தோம். பேடின் தடிமன் அரை மில்லிமீட்டர் தவறினால்கூடச் சிப்பின் மேல் கூலர் சரியாக உட்காராது. புட்டி பிசைந்த மாவு மாதிரி, கிடைக்கும் இடத்துக்கு அமுங்கிக்கொள்ளும்.

அன்றைக்கு இடைவெளி 15. ஒரு வாரம் சூடாகி ஆறியதில் 12-க்கு வந்து நின்றது. இதை எழுதும்போதும் 12, 13-தான். பிடிஎம் தாள் போட்டு ஒரு வருடம் ஆகிறது, நகரவில்லை.

அதற்கும் முன்பே நான் செய்திருக்க வேண்டியது பவர் லிமிட்டைக் குறைப்பது. 70 சதவீதம், அதாவது 315 வாட் என்று வைத்தேன். 20 நிமிடம் எடுத்த ஒரு ஹால் ரெண்டர் 21 நிமிடம் 10 நொடி ஆயிற்று. அவ்வளவுதான் நஷ்டம். ஃபேன் சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது. 450 வாட்டுக்குச் செய்த கூலரில் 315 வாட் என்பது பஸ்ஸில் நான்கு பேர் போவது மாதிரி, தாராளம். கடைசி ஐந்து சதவீத வேகத்துக்காகத்தான் மின்சாரத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். விளம்பரத்தின் வேக ஒப்பீட்டுப் படத்தில் நீளமான பட்டை வேண்டுமே!

பவர் கனெக்டர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2022 அக்டோபரில் உருகிய கனெக்டர்களின் படங்கள் வந்தபோது நானும் பயந்தவன்தான். முழுதாகச் செருகப்படாத கேபிள்தான் முக்கியக் காரணம் என்று என்விடியா சொன்னது. அப்புறம் கேபிள் சரியாகச் செருகப்பட்டதா என்று கார்டு உணர உதவும் சென்ஸ் ஊசிகளைக் குட்டையாக்கி, கனெக்டரையே திருத்தினார்கள். என்னுடையது பழைய கனெக்டர். கேபிளை வளைக்காமல் விட்டிருக்கிறேன். கார்டைக் கழற்றியபோது பார்த்தேன், நிறம் மாறவில்லை.

தூசிக்கு மாதம் ஒருமுறை ப்ளோயர். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறித்தனமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

2025 ஜனவரியில் வந்த 5090-ல் என்விடியாவின் சொந்த மாடலின் கூலரைப் பார்த்து வாயைப் பிளந்தேன். 575 வாட்டை இரண்டே ஸ்லாட்டில், பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) வைத்து, இரண்டு ஃபேனின் காற்றும் நேராக ஊடுருவிப் போகும்படி நடுவில் ஒரு குட்டிப் பலகை. பொறியியல் என்றால் அது. ஆனால் அந்த 575 வாட்டும் கடைசியில் என் அறைக்குள்தானே வரும். கூலர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. 450 வாட் என்பதே ஒரு டன் ஏசியின் திறனில் எட்டில் ஒரு பங்கு. மே மாதக் கரண்ட் பில்லில் கார்டுக்கு ஒருமுறை, அது கொட்டிய சூட்டை வெளியேற்ற ஏசிக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை பணம் கட்டுகிறேன்.

மழைக்காலத்தில் அந்தச் சூடு வேறு ஆட்களுக்குப் பயன்படுகிறது. போன நவம்பரில் ஒருநாள் ரெண்டர் ஓடும்போது ஹாட்ஸ்பாட் வழக்கத்தைவிட ஆறு டிகிரி மேலே நின்றது. பிடிஎம் தாளும் ஒதுங்க ஆரம்பித்துவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் குனிந்தேன். காபினெட்டின் மேல் சல்லடை முழுக்கப் பையனின் ஸ்கூல் சாக்ஸ், வரிசையாக நான்கு ஜோடி. அம்மா காயப்போட்டிருந்தார்.