மீன் கடிக்கிற நேரம் சொல்ற ஆப்: ரொம்ப நாளா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

நிலா, ஓதம் (கடல் தண்ணி ஏறி எறங்குறது), காத்து எல்லாத்தையும் வச்சு எப்ப தூண்டில் போட்டா கடிக்கும்னு சொல்ற ஆப்பை சில வருஷமா விடாம பாத்துட்டு வர்றேன், அதுல எதை நம்பலாம் எதை விட்டுடலாம்னு இப்போ ஒரு தெளிவு வந்திருக்கு.

மொதல்ல சோலுனார் ஸ்கோர், அதாவது நிலா இருக்கற இடத்தை வச்சு ஆப் போடுற கடி மார்க். 1926ல ஜான் ஆல்டன் நைட்னு ஒரு அமெரிக்கர் ஆரம்பிச்சு வச்ச கணக்கு இது, நிலா உச்சிக்கு வர்றப்பவும் பூமிக்கு நேர் அந்தப்பக்கம் இருக்கறப்பவும் ஏறக்குறைய 2 மணி நேரம் மேஜர், அதாவது நல்லா கடிக்கும்னு சொல்ற நேரம், நிலா உதிக்கிறப்பவும் மறையுறப்பவும் 1 மணி நேரம் மைனர், அதாவது ஓரளவு கடிக்கும்னு சொல்ற நேரம். குளம் ஏரிக்கு இதை மட்டும் நம்பி கிளம்ப மாட்டேன், ஏன்னா உச்சி வெயில்ல மேஜர்னு காட்டும், தக்கை அசையவே அசையாது, ஸ்கோர் சுமாரா இருக்கற நாள்ல பொழுது சாயுறப்ப மளமளன்னு கடிக்கும்.

கழிமுகத்துக்கு ஆப்ல இருக்கற ஓத நேரம்தான் தங்கம். ஏத்தமோ வத்தமோ தண்ணி ஓடிட்டே இருக்கணும், அப்பதான் எறா பொடிமீனெல்லாம் அடிச்சுட்டு வரும், பெரிய மீன் அது வர்ற வழில காத்து நிக்கும். ஏத்தம் முடிஞ்சு தண்ணி அப்படியே நிக்கிற கொஞ்ச நேரம் கடி சுத்தமா நின்னுரும், திரும்ப வத்த ஆரம்பிச்சதும் விரல்ல பிடிச்சிருக்கற தூண்டில் நரம்புல டொக் டொக்னு தட்டும் பாருங்க, அதுக்காகத்தான் போறதே! அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஓட்டம் பலமா இருக்கும், அஷ்டமி பக்கம் மந்தம். ஓத நேரம் தெனமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போறதால நேத்து கடிச்ச நேரத்துக்கே இன்னைக்கும் போய் உக்காராதீங்க.

அடுத்து காத்து. எந்தக் கரையைப் பாத்து அடிக்குதோ அங்கதான் இரை ஒதுங்கும், காத்து மூஞ்சில அடிச்சு வீசுறதுக்கு கஷ்டமா இருந்தாலும் அந்தக் கரைலதான் நிப்பேன்.

ஆப் சொல்லாத ஒண்ணு ஆக்சிஜன். 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் கரையுற ஆக்சிஜன் 30 டிகிரில ஏழரைக்கு எறங்கிடும், அதான் கோடை மத்தியானம் மீன் சோர்ந்து கெடக்கு. பாசி மண்டின குளத்துல ராத்திரி பூரா பாசியும் ஆக்சிஜனை இழுக்குறதால விடியுறப்பதான் ரொம்ப மோசம், மீன் மேல வந்து வாயைத் தெறந்து தெறந்து மூடுச்சுன்னா இரை தேடுதுன்னு நெனைக்காதீங்க, மூச்சு முட்டுது, வெயில் ஏறுனப்புறம் போடுங்க.

மின்னல் வார்னிங் வந்தா மட்டும் ஸ்கோர் எவ்ளோ காட்டினாலும் போகாதீங்க, கார்பன் ராடு கரண்டைக் கடத்தும்.