பச்சையா, சிவப்பா? ஒரே பங்குச் சந்தை ஆப்போடு மூன்று வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஒரே பங்கு, ஒரே நிமிஷம். முதல் படத்தில் பச்சை, இரண்டாவதில் சிவப்பு. கீழே ஒரு வரி: "நீதானேடா இந்த ஆப்பை நல்லாருக்குன்னு சொன்ன? எனக்கு லாபமா நட்டமா, அதை மட்டும் சொல்லு."

ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். மூன்று வருட எரிச்சலும் சேர்ந்து வந்துவிட்டது.

ஆர்டர் போடுவது, பணம் எடுப்பது, அறிக்கை இறக்குவது, எல்லாம் சுத்தம். சந்தை தாறுமாறாக ஆடிய நாட்களில்கூட ஆப் ஒருமுறையும் படுத்ததில்லை. என் சண்டை இரண்டே இரண்டு நிறங்களோடுதான்: ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு.

இந்த ஆப்பில் ஒரே பங்குக்கு நான்கு இடத்தில் பச்சையோ சிவப்போ வரும். வாட்ச்லிஸ்டில், அதாவது நான் கவனித்துவரும் பங்குகளின் பட்டியலில், வருவது நேற்றைய முடிவு விலையோடு ஒப்பிட்டது. சார்ட்டில் '1 மாதம்' பொத்தானை அழுத்தினால், அந்த மாதக் கோடு தொடங்கும் புள்ளியோடு ஒப்பிட்டது. என் கையில் இருக்கும் பங்குகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோ பக்கத்தில் என் சராசரி வாங்கிய விலையோடு. ஒரு நாளின் விலையை ஒரு கட்டையாக வரைந்து காட்டும் கேண்டில் சார்ட்டுக்குப் போனால், ஒவ்வொரு கேண்டிலும் அன்றைக்குத் தொடங்கிய விலையோடு. நான்குக்கும் ஒரே பச்சை, ஒரே சிவப்பு. எதோடு ஒப்பிட்டு என்று ஒரு சின்ன எழுத்தில்கூடக் கிடையாது. அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நண்பன் விஷயமும் இதுதான். பங்கு ஒரு மாதத்தில் ஏறியிருக்கிறது, அதனால் மாத சார்ட் பச்சை. இவன் நடுவில் உச்சியில் போய் வாங்கியிருக்கிறான், அதனால் அவன் கணக்கு சிவப்பு. இரண்டும் உண்மை. போதாக்குறைக்கு ஜப்பானிலும் சீனாவிலும் ஏற்றத்துக்குத்தான் சிவப்பு. கொரியாவில் ஏற்றம் சிவப்பு, இறக்கம் நீலம். நிறம் என்பதே ஒரு வழக்கம்தான். அப்படியிருக்க அதை மட்டும் காட்டிவிட்டு எண்ணின் அடிப்படையை மறைத்தால் எப்படி?

நானும் இதில் விழுந்தவன்தான். என்னிடம் இருந்த ஒரு பங்கின் காலாண்டு முடிவு மோசமாக வந்தது. முந்தைய நாள் 200-ல் முடிந்தது என்று வையுங்கள். காலையில் நேராக 186-ல் திறந்தது. மெல்ல ஏறி 192-ல் முடிந்தது. கேண்டிலுக்குத் தெரிந்ததெல்லாம் 186-ம் 192-ம்தான், ஆகவே கொழுகொழுவென்று பச்சை. ஆனால் நேற்றிலிருந்து பார்த்தால் 4 சதவீதம் இறக்கம். நான் சார்ட்டை மட்டும் திறந்து பார்த்து, 'கெட்ட செய்தியையும் மீறி ஏறுதே' என்று மறுநாள் காலையில் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கேண்டிலுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் முதல் ஒரு வருடம் இதை எனக்குச் சொல்லித் தந்தது ஆப் இல்லை, நட்டம்.

பங்குப் பிரிப்பு வந்தபோது நடந்தது இன்னொரு கூத்து. 2024 ஜூனில் என்விடியா ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்ததே, அந்த மாதிரி நேரத்தில் ஒரு பங்கின் விலையும் பத்தில் ஒன்றாகிவிடும்; பழைய விலைகளையும் பத்தால் வகுத்துவிட்டால் சார்ட்டில் பள்ளம் தெரியாது. என் பங்கு ஐந்தாகப் பிரிந்தது. சார்ட்டை அன்று காலையே சரியாக வகுத்துவிட்டார்கள். என் சராசரி விலையையும் எண்ணிக்கையையும் மட்டும் மறந்துவிட்டார்கள். இரண்டு நாள் என் போர்ட்ஃபோலியோவில் 80 சதவீத நட்டம் ரத்தச் சிவப்பில் மின்னியது. காரணம் தெரிந்தும் ராத்திரி எழுந்து எழுந்து பார்த்தேன்.

செங்குத்து அச்சு பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாள் சார்ட் திரையை நிரப்பத் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். அரை சதவீத இறக்கம் அருவி மாதிரி தெரியும். ஓரத்தில் எண்களைப் பார்க்கும் பழக்கம் வரும்வரை நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்.

நீண்ட கால சார்ட்டில் இதற்கு நேர் எதிரான ஏமாற்று. அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1987 அக்டோபர் 19 அன்று 508 புள்ளி விழுந்தது. 2020 மார்ச் 16 அன்று 2,997 புள்ளி. சாதாரண அளவுகோலில் முதலாவது ஒரு கீறல், இரண்டாவது பாதாளம். உண்மையில் 1987-ல் விழுந்தது 22.6 சதவீதம், 2020-ல் 12.9. புள்ளிகளை விட்டுச் சதவீதத்துக்கு ஏற்ற உயரம் காட்டும் லாக் அளவுகோலுக்கு மாற்றினால்தான் எது பெரிய அடி என்று கண்ணுக்குத் தெரியும். அந்த வசதி இந்த ஆப்பில் இருக்கிறது. அமைப்புகளுக்குள் மூன்று கதவு தாண்டி இருக்கிறது.

இவ்வளவு திட்டியவன் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? ஒரு நாள் திரையில் இருந்த தூசியைத் துடைத்தேன். இரண்டு விரல் சார்ட்டின் மேல் பட்டது. இரண்டு செங்குத்துக் கோடுகள் முளைத்தன. நடுவில் அந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எத்தனை சதவீதம் என்று ஒரு சின்னப் பெட்டி. விரலை நகர்த்த நகர்த்த எண் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. எதோடு ஒப்பிட்டு என்று இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேனே, அதற்குப் பதில் என் விரலுக்கடியிலேயே இருந்திருக்கிறது! அன்றைக்கு முழுக்க எல்லாப் பங்கையும் திறந்து, இரண்டு விரலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கோபம் வந்தது. இப்படி ஒரு அருமையான வசதியை ஏன்யா ஒளித்து வைத்தீர்கள்? உதவிப் பக்கத்தில் தேடினேன், ஒரு வரி இல்லை.

நட்சத்திரம் கேட்டால் இன்றைய மனநிலைக்கு இரண்டுதான் தருவேன். வேறு ஆப்புக்கு மாறுவாயா என்றால், மாட்டேன்.

நண்பனுக்குக் கடைசியில் அனுப்பியது இதுதான்: "சார்ட்ல ரெண்டு விரலை வை. ஒண்ணு நீ வாங்கின தேதியில, ஒண்ணு இன்னைக்கு."

கொஞ்ச நேரம் கழித்து பதில் வந்தது: "வச்சேன்டா. சிவப்பு."